கக்கூஸும் பதினான்கு ஐஸ் பெட்டிகளும்

“கக்கூஸுக்கு அர்த்தம் தேடவா உன்ன உங்கம்மா காலேஜுக்கு அனுப்பிச்சா?”

செல்வி சின்னம்மா இதைக் கேட்டபோது அவள் கையில் ஓர் உயிர் நண்டு இருந்தது. அதன் கொடுக்குகளை மடக்கி நைலான் நூலால் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக்கூடக் கேட்கவில்லை, நண்டைப் பார்த்துத்தான் கேட்டாள். பழவேற்காட்டு ஏலக் கொட்டகையில் கூடைகளோடு உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். என் அம்மாவும் சிரித்தாள்.

அப்போது நான் கல்லூரியில் இரண்டாம் வருடம். லீவு நாளில் அம்மாவுக்குக் கூடமாட உதவலாம் என்று கொட்டகைக்குப் போயிருந்தேன். அந்த வாரம் வகுப்பில் கேட்ட ஒரு செய்தி எனக்குள் குதித்துக்கொண்டே இருந்தது. நாம் தினமும் சொல்கிற கக்கூஸ் என்ற சொல் தமிழ் இல்லை, இங்கே கோட்டை கட்டி வாழ்ந்த டச்சுக்காரர்களுடைய சொல் என்று சொன்னேன். எல்லோரும் வாயைப் பிளப்பார்கள் என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாய் முடித்த முதல் ஆள் நான். எனக்குத் தலைக்கனம் உண்டு என்பதை இந்தத் தொடரை வாசிப்பவர்கள் முதல் வாரமே கண்டுபிடித்திருப்பீர்கள். அன்றைக்கு அந்தக் கனம் கொஞ்சம் இறங்கியது. ஆனால் செல்வி சின்னம்மாவின் கேள்வியை விட்டுவிட முடியவில்லை. அவள் கேலிக்குத்தான் கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

உப்பு வாங்கப் போகிறவர்கள்

கொட்டகையில் மீன் விற்கும் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. விடியும் முன் வீட்டை விட்டுக் கிளம்பும்போது வாயைக் கொப்பளிப்பார்கள். தண்ணீரை விழுங்க மாட்டார்கள். அதற்குப் பிறகு கூடை காலியாகும் வரை, அது பன்னிரண்டோ ஒன்றோ, ஒரு சொட்டு உள்ளே போகாது. வெயில் ஏறினால் முந்தானையை ஐஸ் தண்ணீரில் நனைத்து உதட்டில் ஒற்றிக்கொள்வார்கள். கொட்டகைக்கு முதல்முறை கூடை எடுத்து வரும் புது மருமகளுக்கு மாமியார் சொல்லித்தரும் முதல் பாடமும் அதுதான். மீனுக்கு விலை சொல்வதெல்லாம் அப்புறம்.

இதற்கு மீறி யாருக்காவது அவசரம் வந்துவிட்டால், அவள் எழுந்து புடவையை உதறி, “உப்பு வாங்கியாறேன்” என்பாள். பக்கத்தில் இருப்பவள் உடனே தன் கூடையை மூன்றாமவளிடம் தள்ளிவிட்டு, “எனக்கும் உப்பு தீந்துபோச்சு” என்று கூடவே எழுவாள். ஒருத்தி உட்கார வேண்டும், ஒருத்தி நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். வீடு வரை போய் வந்தால் அதற்குள் வியாபாரம் போய்விடும். இடம், கொட்டகைக்குப் பின்னால் ஏரிக்கரையை ஒட்டியிருந்த சீமைக்கருவேலங்காடு. முள் குத்தும், பாம்பு இருக்கும். ஆனாலும் மறைவு.

சின்ன வயதில் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. உப்பு வாங்கப் போகிறவர்கள் ஏன் எப்போதும் வெறுங்கையோடு திரும்புகிறார்கள் என்று ஒருநாள் சத்தமாகக் கேட்டேன். அம்மா தலையில் ஒரு குட்டு வைத்தாள். கொட்டகை முழுக்க ஆண்கள் இருந்தார்கள்.

வகுப்பு சிரித்தது

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம், “கக்கூஸ் எந்தப் பக்கம்?” என்று கேட்டேன். அவள் அதை அடுத்தவளிடம் சொன்னாள். மதியத்துக்குள் வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது. “ரெஸ்ட்ரூம்னு சொல்லுப்பா” என்றாள் ஒருத்தி, நல்ல எண்ணத்தோடுதான்.

நான் ரெஸ்ட்ரூம் என்று சொல்லப் பழகினேன். அதோடு நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவையும் திருத்த ஆரம்பித்தேன்.

எங்கள் வீட்டில் எனக்கென்று ஓர் அறை உண்டு. நான் பத்தாம் வகுப்பு தேறியதும் நைனா கூடத்தை ஹாலோபிளாக் கல் வைத்துத் தடுத்துக் கட்டிய அறை அது. மேசையை மீஞ்சூரில் வாங்கி, கால்களைக் கழற்றி, ரயிலில் பொன்னேரி வரை கொண்டுவந்து, அங்கிருந்து பஸ் கூரையில் ஏற்றி எடுத்து வந்தார். எங்கள் வீட்டில் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட ஒரே அறை அதுதான். எங்கள் தெருவில் எந்தப் பெண்ணுக்கும் அப்படி ஓர் அறை இல்லை. நான் அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு, கூடத்தில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம், “கக்கூஸ்னு சொல்லாதம்மா, அசிங்கமா இருக்கு” என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த முறை அவள் “அங்க” என்றாள். அதற்கடுத்த முறை அதுவும் இல்லை, வெறுமனே தலையை ஆட்டிக் காட்டினாள்.

ஒரு சொல்லை அசிங்கம் என்று பிடுங்கிக்கொண்டேன். அதற்குப் பதில் அவள் கையில் எதையும் கொடுக்கவில்லை. இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இரண்டாம் வருடம் எங்கள் மொழியியல் ஆசிரியை பிறமொழிச் சொற்களைப் பற்றிப் பாடம் எடுத்தார். சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் போர்த்துக்கீசியர் விட்டுப்போனவை. அடுத்து டச்சுக்கு வந்தவர், சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, “ஒரு சொல் சொல்வேன், யாரும் சிரிக்கக் கூடாது” என்றார். பிறகு அந்தச் சொல்லைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. “இதில் பழவேற்காட்டுப் பிள்ளை யாராவது இருக்கிறீர்களா?” என்று கேட்டார். கை தூக்கினேன். வகுப்பு என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்த வருடத்தில் முதல்முறையாக நான் எந்த ஊர் என்பதில் எனக்குக் கர்வம் வந்தது.

சொல்லுக்குள் ஒரு வீடு

அன்றிலிருந்து அந்தச் சொல்லை நான் விரட்டிக்கொண்டே இருந்தேன்.

பழைய டச்சு மொழியில் அது இரண்டு சொற்களின் கூட்டு. முதல் பாதி காரியத்தைக் குறிக்கிறது. நம் குழந்தைகள் “கக்கா” என்று சொல்வதைப் போலத்தான் ஐரோப்பாவில் பல மொழிக் குழந்தைகளும் சொல்கிறார்களாம். இரண்டாம் பாதிக்கு வீடு என்று பொருள். ஆக, அந்தக் காரியத்துக்கான வீடு. சுற்றி வளைக்காத சொல்.

அந்தச் சொல் கப்பலில் நிறையச் சுற்றியிருக்கிறது. மலையாளத்தில் கக்கூஸ்தான். சிங்களத்தில் கக்குஸ்ஸிய. எங்கள் தெரு ஏசுதாஸ் அண்ணன் மலேசியாவில் ஓர் உணவகத்தில் வேலை செய்கிறார். போனில் அவரிடம் கேட்டேன். “அட, இங்க வயசான மலாய்க்காரங்ககூட காகுஸ்னுதாம்மா சொல்றாங்க. நான் நம்மாளுங்க கத்துக்குடுத்ததுன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்” என்றார்.

தமிழுக்குள் அந்தச் சொல் எந்தக் கரையில் இறங்கியது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்திலும் இருந்தார்கள், இலங்கையிலும் இருந்தார்கள். எங்கள் கரையில்தான் இறங்கியது என்று நம்ப எனக்கு ஆசை. ஆதாரம் இல்லை, ஆசை மட்டும்தான்.

மற்ற மொழிகள் இந்த இடத்துக்கு என்ன பெயர் வைத்திருக்கின்றன என்று தேடினால் வேடிக்கையாக இருக்கிறது. பாத்ரூம் என்றால் குளிக்கும் அறை. ரெஸ்ட்ரூம் என்றால் ஓய்வெடுக்கும் அறை. டாய்லெட் என்பது பிரெஞ்சில் சின்னத் துணி. ஒப்பனை மேசையில் விரித்த துணியின் பெயர் மேசைக்குப் போய், மேசையிலிருந்து அறைக்குப் போய், கடைசியில் இங்கே வந்து நின்றிருக்கிறது. அந்தத் துணிக்கான மூலச் சொல்லைத்தான் சிலந்தி வலைக்கும் சொல்வார்களாம். எங்கள் குப்பத்தில் வீட்டுக்கு வீடு கட்டிக்கொடுத்த கழிப்பறைகளில் பாதியில் இன்றைக்கும் மீன் வலைதான் அடைத்துக் கிடக்கிறது. அகராதியில் இதைப் படித்த அன்று நூலகத்தில் தனியாகச் சிரித்தேன்.

நண்டு வாங்க சூளூர்ப்பேட்டைப் பக்கத்திலிருந்து வரும் தெலுங்குக்காரப் பெண்மணி ஒருவரிடம் கேட்டேன். அவர்கள் எழுதும்போது “மருகுதொட்டி” என்பார்களாம். மறைவான கொல்லை என்று அர்த்தம். அனுப்பம்பட்டில் ரயில் ஏறும் என் தோழி ஷாஹிதா வீட்டில் உருது பேசுவார்கள். அவள் “பாய்கானா” என்றாள். பாரசீகத்தில் கால் வைக்கும் இடம் என்கிற மாதிரி ஒரு பொருள். நம் தமிழிலோ ஒதுங்குவது, வெளிக்குப் போவது, கொல்லைக்குப் போவது. உப்பு வாங்கப் போவதையும் இந்தப் பட்டியலில் நான் சேர்ப்பேன்.

துணி, குளியல், ஓய்வு, மறைவு, உப்பு. உலகம் முழுக்க மனிதர்கள் இதைச் சொல்லக் கூசியிருக்கிறார்கள். கூசாமல் சொன்ன சொல் ஒன்றுதான். அதைத்தான் நாம் அசிங்கம் என்கிறோம்.

இன்னொன்றும் கவனித்தேன். அந்தச் சொல்லுக்குள் ஒரு வீடு இருக்கிறது. சுவரும் கதவும் இருந்தால்தான் அந்தச் சொல்லே பொருந்தும். கோட்டை இடிந்து முள் மண்டிக் கிடக்கிறது. டச்சுக்காரர்களின் கல்லறைகள் மட்டும் எழுத்து அழியாமல் நிற்கின்றன. சொல்லை எங்கள் பெண்கள் வாயில் வைத்திருக்கிறார்கள். வீடு மட்டும் அவர்களுக்கு வரவில்லை என்று என் குறிப்பேட்டில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன். நல்ல வாக்கியம் எழுதிவிட்டதாக எனக்குத் திருப்தி.

அந்த வாக்கியம் தப்பு என்று தெரிய இன்னும் கொஞ்ச காலம் இருந்தது.

மூணு லிட்டர்

போன வருடம் கொட்டகைக்குப் பின்னாலிருந்த கருவேலங்காட்டை வெட்டிச் சமன் செய்தார்கள். படகு சவாரிக்கு வருகிறவர்கள் வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்றார்கள். கருவேலம் நிலத்துக்குக் கெடுதல் என்றும் சொன்னார்கள். உண்மைதான். மூன்றே நாளில் எல்லாம் வெட்டவெளியாகிவிட்டது.

பெண்களுக்கு உப்பு வாங்க இடம் இல்லாமல் போனது.

அதற்குப் பிறகு அம்மா காலையில் மட்டுமல்ல, முந்தின நாள் இருட்டியதிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிட்டாள். எனக்கு இது தெரியாது. நான் ஆறரைக்கே மீஞ்சூர் பள்ளிக்குக் கிளம்பிவிடுவேன். அங்கே ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் தமிழ் ஆசிரியை நான். அம்மாவுக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தது. இடுப்பு வலி என்றாள், தைலம் தேய்த்துவிட்டேன். ஒருநாள் ஏலம் நடந்துகொண்டிருக்கும்போதே கூடை மேல் சாய்ந்துவிட்டாள். செல்வி சின்னம்மாதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டு எனக்குப் போன் செய்தாள்.

டாக்டரம்மா இளம்வயதுக்காரர். பொறுமையாக விளக்கினார். சிறுநீரில் கிருமி ஏறி மேலே போயிருக்கிறது. மருந்தில் இந்த முறை இறங்கிவிடும். ஆனால் இப்படியே தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீரகம் கெட்டுப்போகும், கெட்டால் திரும்பாது என்றார். ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் குடிக்கச் சொன்னார். அம்மா எல்லாவற்றுக்கும் சரிங்க சரிங்க என்றாள்.

வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்ததும்தான் பேசினாள்.

“அந்தம்மாக்கு இன்னா, சொல்லிட்டாங்க. மூணு லிட்டர குடிச்சிட்டு நான் எங்க போய் நிக்கறது?”

இத்தனை மொழிகளில் அந்த இடத்துக்குப் பெயர் தெரிந்தவள் நான். ஆட்டோக்காரரிடம் வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

கட்டடம் கீது

அந்த வாரமே ஊராட்சிக்கு மனு எழுதினேன். மீன் விற்கும் பெண்களுக்குக் கொட்டகை அருகே மகளிர் சுகாதார வளாகம் கட்டித்தர வேண்டும் என்று, பிழையில்லாத தமிழில், பத்தி பிரித்து. கக்கூஸ் என்ற சொல்லை அதில் நான் எழுதவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொட்டகையில் மீன் விற்கும் பதினான்கு பெண்களிடமும் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினேன்.

சில வாரங்களில் பதில் வந்தது. மேற்படி இடத்தில் மகளிர் சுகாதார வளாகம் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளதால் புதிய கட்டடத்துக்கு அவசியம் எழவில்லை என்று இரண்டு வரி.

கூடத்துக்கு வந்து அம்மாவிடம் படித்துக் காட்டினேன். இதை நான் விடப்போவதில்லை, பத்திரிகைக்கு எழுதுவேன் என்று கத்தினேன்.

“பொய் எழுதியிருக்காங்கம்மா. இல்லாத கட்டடத்த இருக்குன்னு எழுதியிருக்காங்க.”

அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

“கட்டடம் கீது” என்றாள்.

“எங்க?”

“நீ ஏறி உக்காந்து ஹோம்வொர்க் எழுதுவியே, அதான்.”

கொட்டகையை ஒட்டி, நான்கு படி உயரத்தில் ஒரு சின்னக் கட்டடம் இருக்கிறது. நாங்கள் அதைப் பெட்டி ரூம் என்போம். பெண்கள் தங்கள் தெர்மாகோல் ஐஸ் பெட்டிகளை அதில்தான் வைத்துப் பூட்டுவார்கள். நான் ஒன்றாவது படிக்கும்போது கட்டியது. பள்ளி விட்டதும் அதற்குள் போய், பெட்டி மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறேன். சுவரில் இடுப்பு உயரத்துக்கு வெள்ளை டைல்ஸ் பதித்திருக்கும். வாசல் மேல் ஏதோ எழுதியிருந்தது உப்புக் காற்றில் உதிர்ந்துபோய்விட்டது.

ஒரு சொல்லின் வேரைத் தேடி மலேசியா வரை போன் செய்தவள் நான். ஐஸ் பெட்டி வைக்கும் அறைக்கு யாராவது டைல்ஸ் பதிப்பார்களா என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை.

அம்மா மெதுவாகச் சொன்னாள். கட்டியவர்கள் சித்திரை மாதம் வந்து கட்டினார்கள். அப்போது ஏரி வற்றி, தரை பாளமாய் வெடித்துக் கிடந்தது. குழியைத் தரைக்குள் ஆழமாகத் தோண்டினார்கள். ஐப்பசி மழையில் ஏரி ஏறியது. அந்த வருடம் முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டதால் தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லை. குழி நிரம்பி, உள்ளே போட்டது எல்லாம் மேலே வந்தது. அதோடு யாரும் போகவில்லை.

ஆனால் கட்டடம் உயரத்தில் இருந்தது. கதவும் பூட்டும் இருந்தன. பெட்டிகளை அதுவரை கொட்டகையில்தான் விட்டுப்போவார்கள். காற்றடித்தால் தெர்மாகோல் பறந்து ஏரிக்குள் போய்விடும், இல்லையென்றால் நாய் கடித்துக் குதறிவிடும். பெட்டி இல்லாமல் போனால் அன்றைக்கு மீன் நிற்காது. ஆகவே பெண்கள் கூடிப் பேசி, அறையைக் கழுவி, ஓட்டையின் மேல் பலகை போட்டு மூடி, பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். சாவி யாரிடம் இருப்பது என்று வந்தபோது எல்லோரும் ஒரே குரலில் தேசம்மா என்று என் அம்மா பெயரைச் சொன்னார்கள்.

புடவைச் செருகலில் கைவிட்டு அந்தச் சாவியை எடுத்து என் முன்னால் வைத்தாள். சின்ன வயதிலிருந்து அவள் இடுப்பில் நான் பார்த்துவரும் அதே சாவி.

“இத்தினி வருஷம் ஏம்மா சொல்லல?”

“சொன்னா பொட்டிய எடுத்துருவாங்க. பொட்டி போனா போச்சு. ஒடம்பு எங்க போவுது, நம்ம கிட்டதான கீது.”

தேசம்மா எழுந்து நின்றாள்

கிராம சபை ஒரு விடுமுறை நாளில் பள்ளி மைதானத்தில் ஷாமியானா போட்டு நடந்தது. அதற்கு முந்தின நாள் பெண்கள் என்னிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லியிருந்தார்கள். புதுக் கட்டடம் கேள், பெட்டி ரூமைப் பற்றி வாயைத் திறக்காதே. நானும் ஒத்துக்கொண்டேன். கேட்க மட்டும் செய்தால் போதும், பழையதைச் சொல்ல வேண்டியதில்லை என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். டச்சுக்காரர்களில் ஆரம்பித்து முடிவில் சிறுநீரகத்துக்கு வருவது போல. முதல் பக்கம் பாதி போவதற்குள் ஊராட்சிச் செயலாளர் மரியாதையாகக் குறுக்கிட்டார். வளாகம் பதிவேட்டில் இருக்கிறது, பயன்பாட்டில் உள்ளது என்று எழுதியிருக்கிறது, இருக்கும்போது இன்னொன்று எப்படிம்மா தர முடியும் என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. நான் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினேன்.

பின்னால் தரையில் உட்கார்ந்திருந்த பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

“அது கக்கூஸ் இல்லீங்க. பொட்டி ரூமு. நாங்கதான் பூட்டிக்கினோம். சாவி இதோ கீது.”

அம்மா எழுந்து நின்றிருந்தாள். கொட்டகையில் ஊருக்கே கேட்கும்படி விலை கூவுகிறவள், ஆண்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். “இன்னாம்மா தேசம்மா, சபைல பேசற பேச்சா இது?” என்றார் ஒருவர்.

“வேற இன்னான்னு சொல்றது? நீங்களே ஒரு பேரு சொல்லுங்க, அதையே சொல்றேன்” என்றாள் அம்மா. “பேரு எதுவா வேணா இருக்கட்டும். எனக்கு அது வேணும். டாக்டரு தண்ணி குடிக்கச் சொல்லிக்கீறாங்க.”

யாரும் பெயர் சொல்லவில்லை. சிரித்தவர் தன் துண்டை எடுத்து மடித்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

செயலாளர் பதிவேட்டில் பயன்பாட்டில் இல்லை என்று எழுதினார். தரைக்கு மேலே தொட்டி கட்டிச் சரிசெய்ய முடியுமா என்று பொறியாளரை வந்து பார்க்கச் சொல்கிறேன், அதற்கு முன் கட்டடம் காலியாக இருக்க வேண்டும் என்றார். தீர்மானம் நிறைவேறியது.

கலையும்போது செல்வி சின்னம்மா எங்கள் பக்கம் வரவில்லை. தாண்டிப் போகும்போது மட்டும் காற்றிடம் சொல்வதுபோல் சொன்னாள். “பொண்ணுக்கு ஒரு சொல்லு கெடச்சிது. எங்களுக்கு பொட்டி போச்சு.”

அடுத்த வாரம் முழுக்க கொட்டகையில் அம்மாவின் கூடைக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பெட்டிகளும் நகரவில்லை. அம்மா காலையில் கொப்பளித்துத் துப்பிவிட்டுப் போனாள்.

தாழ்ப்பாள் போட்ட அறை

கொட்டகையிலிருந்து எங்கள் வீடு கால் மணி நேர நடை. தரை உயரம், ஏரி ஏறினாலும் தண்ணீர் வராது. ஒரு சாயங்காலம் என் மேசையில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, நிமிர்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தேன். எட்டடிக்கு எட்டடி. கதவு, தாழ்ப்பாள். அதற்குப் பிறகு என்னால் தாள் திருத்த முடியவில்லை.

பெட்டிகளை இங்கே வைக்கலாம் என்று நைனாவிடம்தான் முதலில் சொன்னேன். அவர் கட்டிய அறை. சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார். “படிக்கத்தான கட்னேன்” என்றார். பிறகு, “சரி, மேசை கால கழட்டணுமா?” என்று கேட்டார்.

செல்வி சின்னம்மா வீட்டுக்கு நானே போனேன். அவள் நம்பவில்லை. வந்து பார்த்தாள். கூரை ஒழுகுகிறதா என்று அண்ணாந்து பார்த்தாள், சாண் வைத்துச் சுவரை அளந்தாள், தாழ்ப்பாளை இரண்டு முறை போட்டு எடுத்தாள். அலமாரியில் இருந்த என் புத்தகங்களைப் பார்த்தாள்.

“நாத்தம் இதுலல்லாம் ஏறிடும்டி.”

“ஏறட்டும் சின்னம்மா.”

“ஸ்கூல்ல புள்ளைங்க கிட்ட வராது.”

“அதுங்களும் மீன் திங்கிற புள்ளைங்கதான்.”

அவள் சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் கூடை காலியானதும் முதல் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தது அவள்தான். அடுத்த நாள் நாலு பெட்டி. வாரம் முடிவதற்குள் பதினான்கும் வந்துவிட்டன. பெட்டி ரூமைக் கழுவிவிட்டார்கள், கதவு திறந்து கிடக்கிறது. பலகையை அகற்றிய இடத்தில் அந்தப் பழைய வெள்ளைப் பீங்கான், ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கிறது.

மேசை இப்போது கூடத்தில், கால்கள் கட்டிலுக்கு அடியில். இந்த அத்தியாயத்தைச் செல்வி சின்னம்மாவின் பெட்டி மேல் தாளை வைத்துத்தான் எழுதுகிறேன். நாலாவது படிக்கும்போது எழுதிய அதே உட்கார்வு. மூடியில் கசிந்த ஐஸ் தண்ணீர் தாளின் ஓரத்தை நனைத்திருக்கிறது. இறால் வாசனையும் இருக்கும். அச்சுக்குக் கோர்க்கிறவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பொறியாளர் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். குழி ஏன் நிரம்பியது, தண்ணீர் எந்த மாதம் எவ்வளவு ஏறும் என்று அவரிடம் சொல்ல அம்மா வருவாள், கூடவே நானும் நிற்க வேண்டும். பள்ளியில் நேற்றே விடுப்புக் கடிதம் கொடுத்துவிட்டேன். காரணம் என்று கேட்டிருந்த இடத்தில் எல்லோரும் வழக்கமாகச் சொந்த வேலை என்று எழுதுவார்கள். நான் கக்கூஸ் என்று எழுதினேன்.